‘ஃபுல் டாங்’ என்று சொல்லி விற்ற கேம்ப் கத்தி: ஐயாயிரம் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

ஐயாயிரம் கொடுத்து வாங்கிய கேம்ப் கத்தி, முதல் தடவை விறகு பிளக்கும்போதே கைப்பிடி வேறு தகடு வேறாகப் பிரிந்துவிட்டது. விற்றவர்கள் இன்றுவரை ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை, பணமும் தரவில்லை. வயிறு எரிகிறது. கோபம் ஆறுவதற்குள் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். குறைந்த காசில் மரவேலைக்கு ஆகிற கத்தி தேடுகிறவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் முடிவில் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எனக்கு என்ன தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். கூடாரம் போட்டுத் தங்கும் இடத்தில் விறகு பெரும்பாலும் ஈரமாகத்தான் கிடைக்கும். ஆனால் பட்டையும் மேல்மரமும் நனைந்திருந்தாலும், பட்டுப்போன கட்டையின் நடுமரம் பல சமயம் காய்ந்தே இருக்கும். அந்த நடுமரத்தை எடுக்கத்தான் பிளக்க வேண்டும். மணிக்கட்டுப் பருமன் கட்டையை நிறுத்திவைத்து, அதன் தலையில் கத்தியின் வாயை வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டித் தட்டி இறக்குவது. பிளந்த துண்டைச் சுருள் சுருளாகச் சீவி, உதிராமல் விட்டால், தீ சட்டென்று பிடிக்கும். கோடரி சுமக்க எனக்கு விருப்பமில்லை. மடக்கு ரம்பம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் கத்தி ஒன்று மட்டும்தான் பாக்கி.

இந்த வேலைக்கு மடக்குக் கத்தி ஆகாது. முதுகில் விழுகிற அடியெல்லாம் அந்த மடிப்பு ஆணியில்தான் போய் இறங்கும். ஃபிக்ஸட் பிளேடுதான் வேண்டும். அதிலும் தகட்டு இரும்பே கைப்பிடியின் கடைசிவரை ஒரே துண்டாக ஓட வேண்டும். அதைத்தான் ஃபுல் டாங் என்கிறார்கள். தகடு பிளக்கும் கட்டையின் விட்டத்தைவிட ஓரிரு அங்குலமாவது நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கத்தி மரத்துக்குள் புதைந்த பிறகு தட்டுவதற்கு முனையே வெளியே இருக்காது. தடிமன் 3 முதல் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பிளக்கவும் செய்யலாம், சீவவும் செய்யலாம். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் தேட ஆரம்பித்தேன். தெரியாமல் போய் விழவில்லை. அதனால்தான் ஆத்திரம் இரண்டு மடங்காக இருக்கிறது.

கேம்பிங் சாமான்கள் மட்டுமே விற்கிற ஒரு ஆன்லைன் கடை. பெயர் சொல்லப்போவதில்லை. கூடாரம், தூங்கும் பை, ஹெட்லைட், அடுப்பு என்று எல்லாம் வைத்திருப்பார்கள். கத்திகளுக்குத் தனிப் பக்கம். அதில் இந்தக் கத்தியின் முதல் படமே விறகு பிளக்கிற படம்தான். தடித்த கட்டையில் கத்தி பாதி இறங்கியிருக்கிறது, பக்கத்தில் பிளந்த விறகு குவியலாகக் கிடக்கிறது. கீழே, 1095 ஹை கார்பன் ஸ்டீல், ஃபுல் டாங், 4 மில்லிமீட்டர் தடிமன், வாழ்நாள் வாரண்டி. விலை ஐயாயிரம். என் பட்ஜெட்டின் எல்லையே அதுதான்.

ஒரே ஒரு விஷயம் இடித்தது. கைப்பிடி முழுக்க ரப்பர் வார்த்தது. உள்ளே இரும்பு எதுவரை போகிறது என்று வெளியே தெரியாது. அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் அவர்களுடைய எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் நல்ல விவரமான ஆள் மாதிரி பேசினார். எடுத்த எடுப்பிலேயே, “என்ன வேலைக்கு சார் வேணும்?” என்று கேட்டார். விறகு பிளக்க என்றேன். “அப்ப இதுதான் சார் கரெக்ட்” என்றார். டாங் கடைசிவரை வருகிறதா என்று கேட்டேன். “ஃபுல் டாங்தான் சார், பின்னாடி ஓட்டை இருக்குல்ல, கயிறு கட்ட, அது இரும்புலயே போட்ட ஓட்டை.” முதுகில் கட்டையால் அடித்தால் தாங்குமா என்றேன். அப்போது அவர் சொன்னதுதான் இன்னும் காதிலேயே நிற்கிறது: “கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க சார். நானே இதைத்தான் வெச்சிருக்கேன். ஏதாச்சும் ஆச்சுன்னா எனக்கு நேரா போன் பண்ணுங்க, நான் பார்த்துக்கறேன்.”

அந்த ‘நான் பார்த்துக்கறேன்’ என்ற வார்த்தையை நம்பித்தான் ஐயாயிரத்தைக் கட்டினேன். அவர் தயங்கியிருந்தாலோ, தெரியாது சார், கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தாலோ கட்டியிருக்க மாட்டேன். தெரிந்தே பொய் சொன்னாரா, அவருக்கும் யாராவது அப்படிச் சொல்லிக்கொடுத்தார்களா என்பது அவர்கள் பாடு. என்னிடம் சொன்னது பச்சைப் பொய்.

கத்தி வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உறை கெட்டி, கையில் பிடிக்க வாகு, காகிதத்தை அழகாக அறுத்தது. புதுக் கத்தி காகிதம் அறுப்பதில் எந்த அர்த்தமும் இல்லை. எந்த மட்ட இரும்பையும் சாணை பிடித்தால் காகிதம் அறுக்கும். அந்தக் கூர் மரத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது விஷயம். அடுத்து வெளியே தங்கப் போனபோது எடுத்துக்கொண்டு போனேன். முதல் கட்டை, கணு இல்லாத நேர் நாருள்ள துண்டாகப் பார்த்துதான் எடுத்தேன். மெதுவாகத்தான் தட்டினேன். பிளந்தது. ஆனால் கத்தி வாயில் விரலைக் குறுக்கே ஓட்டிப் பார்த்தால் ஒரு பக்கமாக மடங்கிச் சொரசொரவென்று இருந்தது. நல்ல பதம் போட்ட, அதாவது சூடாக்கிக் குளிரவைத்துக் கெட்டியாக்கிய, கார்பன் ஸ்டீல் இவ்வளவு லேசில் மடங்காது. அப்போதே சந்தேகம் வந்தது.

அடுத்த கட்டை பாதி பிளந்திருக்கும். டக் என்று ஒரு சத்தம். கையில் கைப்பிடி மட்டும் இருக்கிறது. தகடு கட்டையிலிருந்து தெறித்து, எதிரில் உட்கார்ந்து சுள்ளி உடைத்துக்கொண்டிருந்த தம்பியின் முழங்காலுக்குப் பக்கத்தில் மண்ணில் போய்க் குத்தி நின்றது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. ஐயாயிரம் போனதுகூட அப்புறம்தான்.

முறிந்த இடத்தைப் பார்த்தேன். டாங் என்று ஒன்றே இல்லை. தகடு கைப்பிடிக்குள் ஒரு கட்டைவிரல் நீளம்கூடப் போகவில்லை. அதன் அடியில் பென்சில் பருமன் மரையாணிக் கம்பி ஒன்றை வைத்து வெல்டிங் அடித்திருக்கிறார்கள். வெல்டிங் பொட்டுகளைத் தேய்க்கக்கூட இல்லை, முத்து முத்தாக அப்படியே இருக்கின்றன. வெல்டிங் சூட்டில் அக்கம்பக்க இரும்பின் பதமே மாறிவிடும், அந்த இடம் கட்டையால் அடிக்கிற அடியைத் தாங்காது. சரியாக அந்த ஓரத்தில்தான் முறிந்திருக்கிறது. கைப்பிடியை வீட்டில் பிளேடு வைத்து அறுத்துப் பார்த்தேன். உள்ளே மஞ்சள் பசையும் பிளாஸ்டிக்கும். வெளியே தெரிந்த இரண்டு ரிவெட்டும் வெறும் தலை மட்டும், பொத்தான் மாதிரி ரப்பரில் ஒட்டியது. கயிறு கட்டும் ஓட்டை ‘இரும்பிலேயே போட்டது’ என்றாரே, அது பிளாஸ்டிக்கில் போட்ட ஓட்டை.

இரும்பாவது சொன்ன இரும்பா? அதுவும் இல்லை. 1095 என்றால் கிட்டத்தட்ட 0.95 சதவீதம் கார்பன் உள்ள சாதாரணக் கார்பன் ஸ்டீல், குரோமியம் சேர்க்காதது. ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். வினிகர் ஒரு சொட்டு விட்டால் கொஞ்ச நேரத்தில் கறுத்துக் கறை விழும். தகட்டைப் பளபளவென்று தேய்த்து வினிகர் விட்டு ராத்திரி முழுக்க வைத்தேன். கறையே இல்லை. அப்புறம் ஒரு அரத்தை எடுத்து வாய் ஓரமாக உரசினேன். நன்றாகப் பதம் போட்ட கத்தி வாயில் அரம் பெரும்பாலும் வழுக்கும். இதில் கரகரவென்று கடித்துத் தூள் கொட்டியது. ஆக, ஏதோ மட்டமான ஸ்டெயின்லெஸ். பதமும் சரியில்லை. ஹை கார்பன் என்று எழுதியதும் பொய்.

இப்போது நடந்த கூத்தைக் கேளுங்கள். நேராகப் போன் பண்ணச் சொன்னாரே, அவருக்குப் பண்ணினேன். “அவர் லீவ்ல இருக்கார் சார்.” மறுபடி பண்ணினால், “அவர் இப்ப இந்த டிபார்ட்மெண்ட்ல இல்ல சார், மெயில் போடுங்க.” மெயில் போட்டேன். பெட்டி பிரித்தபோது எடுத்த வீடியோ இருக்கிறதா என்று பதில். பெட்டி பிரித்தபோது கத்தி முழுசாகத்தானே இருந்தது, அந்த வீடியோ எதற்கு என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. முறிந்த துண்டின் படங்களை, வெல்டிங் தெரிகிற மாதிரி, கிட்டத்தில் எடுத்து அனுப்பினேன். ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். நான் ரிட்டர்ன் கேட்கவில்லை, உங்கள் வாழ்நாள் வாரண்டியைக் கேட்கிறேன் என்றேன். கடைசியில் வந்த பதில்தான் உச்சம். வாரண்டி தயாரிப்புக் குறைகளுக்கு மட்டுமாம். கத்தியின் முதுகில் அடித்து விறகு பிளப்பது ‘தவறான பயன்பாடு’ என்பதால் வாரண்டி செல்லாதாம்.

விறகு பிளக்கிற படத்தை முதல் படமாகப் போட்டு விற்றது யார்? என்ன வேலைக்கு என்று கேட்டு, இதுதான் கரெக்ட் என்று சொன்னது யார்? டாங்குக்குப் பதில் கம்பியை வைத்து வெல்டிங் அடித்தது தயாரிப்புக் குறை இல்லையென்றால் வேறு எது தயாரிப்புக் குறை? இதையெல்லாம் கேட்டு எழுதினேன். அடுத்த தடவை வாங்கும்போது பத்து சதவீதம் தள்ளுபடி என்று ஒரு கூப்பன் அனுப்பினார்கள். ஐயாயிரத்தை விழுங்கிவிட்டு, இன்னும் கொண்டுவந்து கொடு என்கிறார்கள்.

அவர்கள் பக்கத்திலேயே படத்தோடு ஒரு நட்சத்திர ரிவியூ போட்டேன். காலையில் பார்த்தால் காணோம். அதைவிடக் கேவலம், விளம்பரத்தில் இருந்த ‘ஃபுல் டாங்’ என்ற வார்த்தையும் காணோம். அந்த இடத்தில் ‘உறுதியான கைப்பிடி’ என்று இருக்கிறது. விறகு பிளக்கும் படம் மட்டும் அப்படியே இருக்கிறது. பழைய பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். அது இருப்பதால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன்.

சரி, வாங்கப்போகிறவர்களுக்கு. விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது அந்த மனநிலை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கைப்பிடியின் இரு ஓரத்திலும், அல்லது குறைந்தது அதன் பின்முனையிலாவது இரும்பு கண்ணுக்குத் தெரிந்தால் ஒழிய, ஃபுல் டாங் என்று யார் சத்தியம் பண்ணினாலும் நம்பாதீர்கள். ஃபுல் டாங் இல்லாத எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. ஸ்வீடனின் மோரா கம்பானியன் விலை குறைந்த கத்திதான், அதன் டாங் கைப்பிடியின் முழு நீளத்துக்கும் வராது, தகடு 10 சென்டிமீட்டர் சுமார். ஆனால் அவர்கள் அதை ஃபுல் டாங் என்று சொல்லி விற்பதில்லை. சுள்ளி சீவ, சின்னக் கட்டை பிளக்க அது போதும். ஹெவி டியூட்டி என்று வருவது 3.2 மில்லிமீட்டர் தடிமன். அதோடு ஒரு மடக்கு ரம்பம் இருந்தால் பட்ஜெட்டில் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். ரம்பத்தால் குறுக்கே அறுத்துக்கொள்ளுங்கள், கத்தியைப் பிளக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கணு உள்ள கட்டையில் கத்தியை இறக்கவே இறக்காதீர்கள்.

‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று எழுதியிருந்தால் தாண்டிப் போங்கள், அது எந்த ஒரு குறிப்பிட்ட இரும்பின் பெயரும் இல்லை. வெறும் ‘440’ என்று (அது ஒரு ஸ்டெயின்லெஸ் வகையின் எண்) எழுதி பின்னால் ஏ, பி, சி எதுவும் இல்லையென்றாலும் அப்படித்தான். 440 ஏ-வுக்கும் 440 சி-க்கும் கார்பனில் பெரிய வித்தியாசம், எழுத்தைச் சொல்லாதவர்கள் பெரும்பாலும் ஏ-வைத்தான் விற்கிறார்கள். கைப்பிடிக்குள் திசைகாட்டி, தீக்குச்சி வைக்கிற உள்ளீடற்ற கத்திகள், முதுகில் ரம்பப் பல் வைத்தவை, இரண்டும் விறகுக்கு வேண்டாம். முதலாவது கைப்பிடி மூட்டில் விட்டுப்போகும், இரண்டாவதில் தட்டுகிற கட்டையெல்லாம் பல்லில் பட்டுச் சிதையும்.

வாங்கியவுடன், ரிட்டர்ன் காலம் முடிவதற்குள், விறகு பிளந்து பாருங்கள், அதை வீடியோ எடுங்கள். பிளக்கும்போது எதிரில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். விளம்பரப் பக்கத்தைப் பணம் கட்டுவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போனில் சொல்வதை எழுத்தில் கேளுங்கள், ‘விறகு பிளந்தால் வாரண்டி உண்டா’ என்று அந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள்.

என் ஐயாயிரம் இன்னும் வரவில்லை. முறிந்த துண்டுகளை அனுப்பி வைக்கச் சொல்லி இன்று ஒரு மெயில் வந்திருக்கிறது, கூரியர் செலவும் என்னுடையதாம். அனுப்ப மாட்டேன். அது ஒன்றுதான் கையில் இருக்கும் அத்தாட்சி. அதே கத்தி இப்போது வேறு பெயரிலும் விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்த்தேன்: கறுப்பு ரப்பர் கைப்பிடி, நடுவில் ஆரஞ்சுக் கோடு, இரண்டு வெள்ளை ரிவெட் தலை. பார்த்தால் தொடாதீர்கள்.