மூன்று வார லீவில் ஹிப்னோதெரபி: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் லீவில் பல் வைத்தியம், கண் பரிசோதனை, முழு உடல் செக்கப் வரிசையில் இப்போது ஹிப்னோதெரபியும், அதாவது மனதை ஒன்றில் குவியவைத்து ஆலோசனை சொல்லித் தரும் சிகிச்சையும், சேர்ந்துவிட்டது. பதற்றம், விமானப் பயம், சிகரெட், குடி என்று எதைச் சொன்னாலும் "ரெண்டு சிட்டிங்ல சரியாயிடும்" என்று யாராவது ஒரு முகவரி கொடுக்கிறார்கள். சொந்த மொழியில் மனம் விட்டுப் பேசலாம் என்பது உண்மையான வசதிதான். ஆனால் இந்தச் சிகிச்சை எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. குறிப்பிட்ட ஒன்றின் மேல் உள்ள பயத்துக்கு மூன்று வாரம் போதலாம். குடியை மூன்று வாரத்தில் முடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நம்பி வருவது ஆபத்து.

இந்தச் சேவையைத் தருபவர்கள் பலவகை. மனநல மருத்துவரோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டோ தன் வழக்கமான சிகிச்சைக்குள் ஹிப்னோசிஸையும் ஒரு கருவியாக வைத்திருப்பார். சில நாள் பயிற்சியில் சான்றிதழ் வாங்கி, ஹிப்னோதெரபி மட்டுமே செய்யும் தனி மையங்கள் உண்டு. முற்பிறவிக்குக் கூட்டிப்போகிறோம் என்பவர்களும் இதே பெயர்ப்பலகையின் கீழ்தான் இருக்கிறார்கள். பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: ஹிப்னோசிஸே இல்லாமல் இந்தப் பிரச்சினைக்குச் சிகிச்சை தரும் தகுதி இவருக்கு இருக்கிறதா? இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்கலாம். உத்தரவாதம் தருபவர், சாப்பிட்டுவரும் மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், முதல் சந்திப்பிலேயே பத்து சிட்டிங்குக்கு மொத்தப் பணமும் கேட்பவர் ஆகியோரையும் தவிர்த்துவிடலாம்.

முறையாக நடக்கும் இடத்தில் முதல் சிட்டிங் பெரும்பாலும் பேச்சாகத்தான் போகும். பயம் எப்போது தொடங்கியது, எதைத் தவிர்க்கிறீர்கள், என்ன மருந்து, எவ்வளவு காபி, எவ்வளவு மது என்று கேட்பார்கள். பதற்றத்துக்கு ஜிஏடி-7 என்ற ஏழு கேள்வித் தாள் உண்டு. மொத்தம் 21 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். படபடப்பும் கை நடுக்கமும் எடைக்குறைவும் சேர்ந்திருந்தால் தைராய்டு பரிசோதனையை முதலில் முடிப்பது நல்லது. தைராய்டு கூடுதலாகச் சுரப்பவருக்கு எத்தனை ஆலோசனை சொன்னாலும் நெஞ்சு அடித்துக்கொள்வது நிற்காது. இல்லாத குரல் கேட்பது, காரணமற்ற சந்தேகம், பித்துநிலை போன்றவை இருந்தவர்கள் இதைத் தொடவே கூடாது. அவர்கள் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். இதையெல்லாம் கேட்காமல் நேரே சாய்வு நாற்காலியில் உட்காரவைக்கும் இடத்தில், எழுந்து வந்துவிடுவதில் கூச்சம் வேண்டாம்.

எல்லாரும் ஒரே அளவில் ஹிப்னோசிஸுக்கு உட்படுவதில்லை. இதை அளக்க ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வெயிட்சன்ஹோஃபரும் ஹில்கார்டும் 1959-இல் 12 பரிசோதனைகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார்கள். அதைப் போன்ற அளவீடுகளில் ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதம் பேர் மிக எளிதாக உட்படுபவர்கள், கிட்டத்தட்ட அதே அளவினர் அநேகமாக உட்படாதவர்கள், மீதிப் பேர் நடுவில். உட்படாதது மனபலத்தின் அடையாளமும் இல்லை, குறையும் இல்லை.

மயக்க நிலை என்று பேசப்பட்டாலும் அது தூக்கமில்லை. இந்தக் கலைக்கு ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பரப்பிய ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டே 1843-இல் வெளியான தன் நூலுக்குப் பிறகு, கவனம் ஒன்றில் குவிவதுதான் இதன் சாரம் என்ற முடிவுக்கு வந்தார். பேசுவது முழுக்கக் கேட்கும், வேண்டாமென்றால் கண்ணைத் திறந்துவிடலாம், ரகசியம் எதுவும் தானாக வாயில் வந்துவிடாது. நடைமுறை இப்படிப் போகும்: ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, மூச்சு விடும்போது இமையைத் தளரவிட்டு, தலை முதல் கால் வரை தசைகளைத் தளர்த்துவார்கள். படியிறங்குவது போல 10-இலிருந்து 1 வரை எண்ணி ஆழப்படுத்துவார்கள். அதற்குப் பிறகு வரும் பகுதிதான் சிகிச்சை. கடைசியில் 1 முதல் 5 வரை எண்ணி வெளியே கொண்டுவர வேண்டும். அவசரத்தில் இந்தக் கடைசிப் படியை விழுங்கிவிடுபவர்கள் உண்டு. அப்படி எழுந்தால் தலைவலி, கிறுகிறுப்பு, நாள் முழுக்க ஒரு மந்தம் இருக்கும். சிட்டிங் முடிந்ததும் வண்டி ஓட்டிக்கொண்டு கிளம்பாமல் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவது நல்லது.

சொற்களைத் தேர்வதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். "பயப்படாதீர்கள், வியர்க்காது" என்று சொன்னால் மனம் முதலில் பயத்தையும் வியர்வையையும்தான் கற்பனை செய்யும். "மூச்சு தானா நிதானமாகுது, தோள் இறங்குது" என்பது வேலை செய்யும். மேடைத் தமிழில் "உமது இமைகள் கனக்கின்றன" என்று படிப்பவரைக் கேட்டால் சிரிப்புதான் வரும். வீட்டில் பேசும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு எந்த மொழியில் சிந்தனை ஓடுகிறதோ அந்த மொழியே சரி, பெற்றோரின் ஆசைக்காகத் தமிழில் நடத்த வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல், சிலருக்கு ஓய்வே பதற்றத்தைக் கிளப்பும். பேனிக், அதாவது திடீரெனப் பெரும் பதற்றம் தாக்கும் தொல்லை, உள்ளவரை மூச்சைக் கவனிக்கச் சொன்னால், மூச்சு நின்றுவிடுமோ என்று பதறுவார். அவருக்குக் கண்ணைத் திறந்தபடியே, கையில் ஒரு பொருளைப் பிடித்து அதன் எடையைக் கவனிக்கவைத்துத் தொடங்கலாம்.

குறுகிய லீவுக்குப் பொருத்தமானது குறிப்பிட்ட பயங்கள்தான்: விமானம், லிஃப்ட், நாய், உயரம். பயத்தை 0 முதல் 10 வரை மதிப்பிட்டு, குறைந்ததிலிருந்து கூடியது வரை ஏழெட்டுப் படிகள் எழுதுவார்கள். விமானம் என்றால் பெட்டி கட்டுவது, விமான நிலையத்துக்குள் நுழைவது, கதவு சாத்துவது, ஓடுபாதையில் வேகமெடுப்பது, நடுவானில் குலுங்குவது என்று. ஹிப்னோசிஸில் ஒவ்வொரு படியாகக் கற்பனையில் கடந்து, மதிப்பு 2-க்கோ 3-க்கோ இறங்கிய பிறகே அடுத்தது. இது ஒத்திகை மட்டுமே. நிஜத்தில் போய் நிற்காவிட்டால் பயம் திரும்பிவிடும். லிஃப்ட் பயத்துக்கு நிஜ லிஃப்டில் ஏறி இறங்கி, பயம் தானாகத் தணியும் வரை உள்ளேயே இருப்பதுதான் மருந்து. விமானத்துக்கு உள்நாட்டில் ஒரு குட்டிப் பயணம் சாத்தியமானால், நீண்ட பயணத்துக்கு முன் அதை வைத்துக்கொள்ளலாம்.

விமானத்தில் ஏறும்போது மட்டும் ஒரு தூக்க மாத்திரை என்பது பலரின் குறுக்குவழி. 1997-இல் வெளியான ஓர் ஆய்வில் விமானப் பயம் உள்ள 28 பெண்களில் ஒரு பகுதியினருக்குப் பதற்றம் தணிக்கும் அல்பிரஸோலம் மாத்திரை கொடுத்தார்கள். முதல் பயணத்தில் அவர்கள் பதற்றம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து மாத்திரையில்லாமல் பறந்தபோது, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட இவர்களுக்கே பதற்றம் கூடியது. பயத்தோடு உட்கார்ந்து அது தணிவதைப் பார்க்க மூளைக்கு மாத்திரை இடம் கொடுக்கவில்லை.

ரத்தம், ஊசி கண்டால் மயங்கி விழுபவர்களுக்கு மட்டும் மேலே சொன்ன தளர்த்தும் முறை நேர்மாறானது. மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். இவர்களுக்கு முதலில் ஏறிவிட்டுச் சட்டென விழும். அப்போது உடலைத் தளர்த்தினால் மயக்கம் சீக்கிரம் வரும். சுவீடனின் லார்ஸ்-கோரன் ஓஸ்ட் வகுத்த முறையில் கை, கால், உடல் தசைகளை 10 முதல் 15 வினாடி இறுக்கி, 20 முதல் 30 வினாடி விட்டு, ஐந்து முறை செய்ய வேண்டும். முகம் சூடாவது தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். ஊசி போடும் கையை மட்டும் தளரவிட வேண்டும். இந்த வித்தியாசத்தை அறியாத ஹிப்னோதெரபிஸ்டிடம் ஊசிப் பயத்துக்குப் போகாதீர்கள்.

பொதுவான பதற்றத்துக்கு நிலைமை நடுத்தரம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், ஹிப்னோசிஸ் பெற்றவர்களின் சராசரி ஆள், பெறாதவர்களில் 79 சதவீதத்தினரைவிட அதிகம் தேறியிருந்தார். மற்ற மனநல சிகிச்சைகளோடு சேர்த்துக் கொடுத்தபோது பலன் கூடியது. தனி மையத்தில் ஹிப்னோசிஸ் மட்டும் வாங்குவதைவிட, எண்ணங்களைச் சீராக்கும் சிபிடி தெரிந்தவரிடம் இரண்டையும் சேர்த்து வாங்குவது மேல்.

சிகரெட்டுக்கு விளம்பரம் பெரிது, சான்று சிறிது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பு 14 ஆய்வுகளையும் 1,926 பேரையும் பார்த்துவிட்டு, மற்ற முறைகளைவிட இது மேல் என்று சொல்லப் போதிய ஆதாரமில்லை என்றது. தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையோடும் மருந்தோடும் துணையாக வைத்துக்கொண்டால் தவறில்லை. விட்ட முதல் சில நாட்கள்தான் கடுமை. அந்த நாட்களைப் பயணத்தன்றோ கல்யாண வீட்டிலோ வைக்காதீர்கள்.

குடி வேறு விஷயம். தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம், 48 மணிக்குள் வலிப்பு வரலாம், 48 முதல் 96 மணிக்குள் குழப்பமும் மாயத்தோற்றமும் கொண்ட டெலிரியம் வரலாம். உயிர் போகவும் கூடும். இதை எந்த ஆலோசனையும் தடுக்காது. மருத்துவமனையில் மருந்தும் வைட்டமின் பி1-உம் கொடுத்து நிறுத்திய பிறகே, ஆசை எழும் நேரத்தைக் கையாள ஹிப்னோசிஸ் பயிற்சி. பல வருடம் எடுத்த தூக்க மாத்திரையை நிறுத்துவதும் இப்படியே மருத்துவர் மேற்பார்வையில்தான். "அவருக்குத் தெரியாம மனசை மாத்திடுங்க" என்று வீட்டார் கூட்டிவரும் ஆளுக்கு ஒன்றும் நடக்காது; அவர் சம்மதம் இல்லாமல் ஹிப்னோசிஸே இல்லை.

முற்பிறவிக்கோ மறந்த குழந்தைப் பருவத்துக்கோ கொண்டுபோகிறேன் என்றால் மறுத்துவிடலாம். ஹிப்னோசிஸில் கற்பனையும் நினைவும் கலக்கும், கலந்தது உண்மை என்ற நம்பிக்கையும் கூடும். இல்லாத கொடுமையைச் சொந்த உறவின் மேல் ஏற்றிக்கொண்டு விமானம் ஏறினால், அங்கே தனியாக அதைச் சரிசெய்ய யாரும் இருக்கமாட்டார்கள்.

முதல் சந்திப்பை வந்த வாரத்திலேயே வைத்துக்கொண்டால் நாலைந்து சிட்டிங்குக்கு இடம் கிடைக்கும். இடையில் தினமும் 10 முதல் 15 நிமிடம் சுய ஹிப்னோசிஸ் செய்ய வேண்டும். அதற்காக உங்கள் சிட்டிங்கையே போனில் பதிவு செய்யக் கேளுங்கள். வண்டி ஓட்டும்போது அதைப் போடாதீர்கள். கிளம்பும் முன் நோய்க்கணிப்பு, செய்த முறை, படிப்பட்டியலில் எட்டிய இடம், மருந்துகளின் ஜெனரிக் பெயர் (கம்பெனிப் பெயரல்ல, மருந்தின் பெயர்) ஆகியவை அடங்கிய கடிதம் ஒன்றை வாங்கிவைத்தால், அங்குள்ள மருத்துவர் அங்கிருந்தே தொடரலாம். பதற்ற மாத்திரைகள் சில நாடுகளில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை என்பதால் மருந்துச் சீட்டைக் கைப்பையில் வைத்திருங்கள். வீடியோவில் தொடர்வதாக இருந்தால், நீங்கள் வசிக்கும் நாட்டில் அவசரம் வந்தால் யாரை அழைப்பது என்று முதல் அழைப்பிலேயே தெரபிஸ்ட் குறித்துக்கொள்ள வேண்டும். இணைப்பு அறுந்தால் நீங்களே 1 முதல் 5 எண்ணிக் கண் திறப்பதையும் நேரில் இருக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள்.