அம்மாவின் தோள் வலி: இரண்டு வருஷத்தில் எது கேட்டது, எது கேட்கவில்லை

2023 ஆவணியில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அம்பாசமுத்திரத்துக்கு வீட்டுக்குக் கூட்டிவந்த மூணாவது மாசம் கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது, கூடவே தோளில் வலி. ஜாக்கெட் போட கையை ஒரு சாண் விலக்கினால் போதும், "தொடாத ராசா, உயிரு போவுதுல" என்று அழுவாள். அக்குள் காற்றுப் படாமல் வெந்து சிவந்து கிடந்தது, துடைக்கக்கூட விடமாட்டாள்.

முதலில் தசை இறுக்கத்தைத் தளர்த்துகிற பேக்லோஃபென் மாத்திரை, 5 மி.கி. மூணு வேளை, அப்புறம் 10. இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது, ஆனால் பகலெல்லாம் தூக்கம், நிற்க வைத்தால் துவண்டாள். உடம்பு முழுக்கப் போகிற மருந்து, தோளுக்கு மட்டும் கேட்கவில்லை. இதை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரலாம். டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இதற்கு நடுவில் பயிற்சி கொடுக்க வந்த ஒருவர் உத்திரத்தில் கயிறும் கப்பியும் மாட்டி, நல்ல கையால் இழுத்து இந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார். நாங்களும் நம்பித் தினமும் செய்தோம். தாங்கிப் பிடிக்கப் பலமில்லாத மூட்டு, தோள்பட்டை எலும்பு கூடவே திரும்பாமல் கை மட்டும் மேலே போனால் உள்ளே நசுங்கும் என்று பிறகுதான் தெரிந்தது. வலி இரண்டு மடங்கானது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் தோளுக்குப் பின்னால் நரம்பை மரத்துப்போக வைக்கிற ஊசி போட்டார். அன்று ராத்திரியே அம்மா தூங்கினாள். ஆனால் இறுக்கம் அப்படியேதான் இருந்தது, வலியும் ஒன்றரை மாசத்தில் திரும்பிவிட்டது.

பிறகுதான் போட்டாக்ஸ், இறுகின தசையிலேயே போட்டு அதைத் தளர்த்துகிற ஊசி. ஸ்கேனில் பார்த்து மார்புத் தசையிலும், தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கத் தசையிலும் போட்டார்கள். பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை, காசு போச்சே என்று இருந்தது. மூணாவது வாரம் அக்குளில் துண்டை மடித்து வைக்க முடிந்தது, புண்ணும் ஆறியது. மூணு மாசத்தில் திரும்ப இறுகும், 12 வாரத்துக்கு முன்னால் மறுபடி போடமாட்டார்கள், செலவும் பல ஆயிரம். தளர்ந்திருக்கிற அந்த வாரங்களில் தினமும் நீட்டிப் பழக்கினால்தான் அந்தக் காசுக்குப் பலன். இரண்டாம் தடவை நாங்கள் சோம்பேறித்தனமாக விட்டதில் சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிட்டாள்.

இப்போது பேக்லோஃபென் ராத்திரி மட்டும், போட்டாக்ஸ் நாலு மாசத்துக்கு ஒரு தடவை. படுக்கும்போது கைக்குக் கீழே தலையணை. தூக்கும்போது யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. ஜாக்கெட்டில் முதலில் இடது கை, அப்புறம் வலது; கழற்றும்போது வலது கை முதலில்.