வெற்று வானின் புற ஊதா ஒளி: ஃபியூஸ் தரவகம் குறித்த மதிப்புரை

விண்மீன்களுக்கு இடையே சுமார் 3 லட்சம் கெல்வின் வெப்பநிலையில் பரவியிருக்கும் வாயு, தன் ஆற்றலின் பெரும்பகுதியைப் புற ஊதாக் கதிராகவே இழந்து குளிர்கிறது. அந்த மங்கிய ஒளியைத் தாமே அளந்து பார்க்க விரும்புவோருக்கு, 1999 முதல் 2007 வரை இயங்கிய ஃபியூஸ் விண்தொலைநோக்கியின் தரவுகளைக் கட்டணமின்றி வழங்கும் மிகுல்ஸ்கி தரவகத்தை முழுமனத்துடன் பரிந்துரைக்கிறேன்.

முடிந்த நிறமாலையோடு நிறுத்திக்கொள்ளாமல், மங்கலான இலக்குகளுக்கு உணரியில் விழுந்த ஒளித்துகள்களின் இடத்தையும் நேரத்தையும்கூட இங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். பின்னணி ஒளியை அளப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. மேலே சொன்ன வெப்ப வாயுவில், ஐந்து எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் அயனி 1032, 1038 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அலைநீளங்களில் ஒளிர்கிறது. அதற்கு மிக அருகே, 1026 ஆங்ஸ்ட்ராமில், பூமியின் மேல்வளிமண்டல ஹைட்ரஜன் ஒளிரும் லைமன் பீட்டா கோடு (நிறமாலையில் ஒரே அலைநீளத்தில் குவிந்து தெரியும் ஒளி) நிற்கிறது. பகலையும் இரவையும் சேர்த்து வரைந்தபோது அந்தக் கோடுதான் மலைபோல் எழுந்து நின்றது. செயற்கைக்கோள் பூமியின் நிழலில் இருந்த நேரத்தை மட்டும் பிரித்தெடுத்து மறுபடி வரைந்தேன். மலை தாழ்ந்தது, 1032-இல் ஒரு சிறு மேடு தெரிந்தது. நுழைதுளை முழுவதையும் நிரப்பும் ஒளி என்பதால், அந்த மேடு கூராக இல்லாமல் ஆங்ஸ்ட்ராமில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அகன்றிருந்தது. விண்மீன்களுக்கு இடையே வெறுமை என்று நாம் நினைக்கும் இடத்திலிருந்து வந்த ஒளி அது.

1038-ஆம் கோட்டை அவ்வளவு நம்ப வேண்டாம். கார்பன் அயனியின் 1037 ஆங்ஸ்ட்ராம் கோடு அதை ஒட்டி நிற்பதோடு, மூலக்கூறு ஹைட்ரஜனும் அதன் ஒரு பகுதியை உறிஞ்சிவிடுகிறது.

குறை என்றால், பெரிய நுழைதுளையே பக்கத்துக்கு வெறும் 30 விகலை (பாகையின் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை) கொண்ட சதுரம்தான் என்பதைச் சொல்ல வேண்டும். ஒற்றை விண்மீனுக்குப் போதுமான அந்தத் துளை, வானெங்கும் பரவிய ஒளிக்கு மிகச் சிறியது. ஆகவே நீண்ட நேரப் பதிவுகளே பயன்படும். அகன்ற வான்பரப்பின் வரைபடம் வேண்டுவோர் 2003-இல் கொரியச் செயற்கைக்கோளில் ஏவப்பட்ட ஸ்பியர் என்ற புற ஊதாக் கருவியின் தரவுகளையும் உடன் பார்ப்பது நல்லது.

புதிதாகத் தொடங்குவோர், கருவியின் வெப்பநிலை சீராகும்வரை வெற்று வானை நோக்கி எடுக்கப்பட்ட பதிவுகளில், பால்வெளித் தளத்திலிருந்து விலகிய திசைகளைத் தேர்ந்து, இரவுநேரப் பகுதியை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளலாம்.