யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட உள்ள மருந்துச்சரக்குக் கடை: எண்ணெய் வாங்கலாம், பொட்டலம் வேண்டாம்

நோவெண்ணெய்க்கு இந்தக் கடைக்குத் தாராளமாகப் போகலாம். கண்ணாடி அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கும் மஞ்சள் கப்சூல் தேவையில்லை. மேசை லாச்சிக்குள் இருந்து எடுத்துத் தருகிற வாதத்தூள் பொட்டலத்தை நீட்டினால், வேண்டாம் ஐயா என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். அவசரக்காரருக்கு இவ்வளவு போதும், மற்றவர்கள் தொடர்ந்து வாசிக்கலாம்.

கடை சின்னது, இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் படியில்தான் நிற்க வேண்டும். காலையில் போனால் ஐயா இருப்பார், ஆறுதலாகக் கதைப்பார். பின்னேரம் மகன்தான் நிற்பார், அவரிடம் விலையைத் தவிர வேறொன்றும் கேட்க முடியாது. சுவர் முழுக்க மர லாச்சிகள், ஒவ்வொன்றிலும் பேனையால் எழுதி ஒட்டின துண்டு: சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, அமுக்கிராய், குந்திரிக்கம். சரக்கு பழசா புதுசா என்று பார்க்க அமுக்கிராய்க் கிழங்கை முறித்து மூக்குக்குக் கிட்டப் பிடித்துக் காட்டினார். பூச்சி அரித்ததைத் தெரியாமல் தள்ளிவிடுகிற ஆள் இல்லை, அது பெரிய விஷயம்.

இனி எண்ணெய். அம்மாவுக்கு முழங்கால் நோ, எனக்கு நாரிப்பிடிப்பு, ஆக வீட்டில் போத்தல் கெதியாக முடியும். இதற்குள் என்ன கிடக்கு என்று கேட்டேன். "ஒளிக்க என்ன கிடக்கு தம்பி" என்று தொடங்கி நொச்சி, வாதநாராயணி, முடக்கொத்தான், உள்ளி, சுக்கு, எல்லாம் நல்லெண்ணெயில் காய்ச்சி இறக்கி, ஆறினபிறகு கற்பூரம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். கரும்பச்சை நிறம், நொச்சி மணம் முந்திக்கொண்டு வரும், போத்தலின் அடியில் இலைத்தூள் கொஞ்சம் படிந்திருக்கும், குலுக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இளஞ்சூடாக்கிப் பூசி நன்றாகத் தேய்த்துவிட்டால் அம்மா அன்று இரவு பனடோல் கேட்பதில்லை. ஆனால் விடிய எழும்பும்போது கால் பழையபடி இறுகித்தான் இருக்கும். முழங்கால் தேய்மானத்தை எண்ணெய் மாற்றப்போவதில்லை, அன்றைய நோவைக் குறைக்கும். 650 ரூபாவுக்கு அது எனக்குப் போதும்.

எது வேலை செய்கிறது என்று கேட்டால், எல்லா இலையும் ஒரேயளவு என்று நான் நம்பவில்லை. நொச்சிக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது, நொச்சி இலைச்சாறு கொடுத்த எலிகளில் நோவும் வீக்கமும் குறைந்ததாக இலங்கை ஆய்வாளர்களே 2003 இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது எலிக்கு வாயால் கொடுத்தது, மனிசர் முழங்காலில் பூசினது இல்லை. கற்பூரத்தின் கதை இன்னும் தெளிவு, தோலில் சூட்டையும் குளிரையும் உணர்கிற நரம்பு முனைகளைத் தூண்டிவிடும், அந்த உணர்வில் நோவு பின்னுக்குப் போய்விடும். தேய்க்கிற கைக்கும் பங்கு உண்டு. அதையும் கழித்துவிட்டுப் பார்த்தால் எண்ணெய்க்கு மிஞ்சுவது எவ்வளவு என்று யாரும் அளந்து தரப்போவதில்லை.

பக்கத்திலேயே மிளகாய்க் களிம்பு ஒன்றும் வைத்திருக்கிறார், வெளிநாட்டுச் சாமான், சின்னக் குழாய். இதை யாரும் வாங்குவதாகத் தெரியவில்லை, ஆனால் அந்த அலுமாரியில் அறிவியல் மிகத் தெளிவாக விளங்கிக்கொண்ட சரக்கு இதுதான். மிளகாயில் உள்ள கப்சைசின் நரம்பின் எந்த வாசலைத் தட்டுகிறது என்பதை அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997 இல் கண்டுபிடித்தது, அந்த வேலைக்காக 2021 இல் அவருக்கு நோபல் பரிசில் பாதி கிடைத்தது. முதலில் செத்தல் மிளகாய் அரைத்த கை மாதிரி எரியும். திரும்பத் திரும்பப் பூசப் பூச அந்த நரம்பு முனைகள் சோர்ந்துபோய் நோவுச் செய்தி அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் இதை ஒருநாள் பூசிவிட்டு ஒன்றுமில்லை என்று எறியக்கூடாது, நாளுக்கு மூன்று நான்கு தரம், சில கிழமைகள் விடாமல் பூச வேண்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

இங்கே விற்கிற சிவப்பு மூடித் தைலத்தைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். திறந்தவுடனே மூக்கில் அடிக்கும், ஆட்கள் அதை வைத்தே நல்ல மருந்து என்று தீர்மானிக்கிறார்கள். அந்த மணம் வின்டர்கிறீன் எண்ணெய், அதாவது மெதைல் சாலிசிலேற். ஆஸ்பிரினுக்குக் கிட்டின உறவு. வில்லோ மரப்பட்டையில் இருந்து தொடங்கின வழியில்தான் பேயர் கம்பனியின் ஆய்வுகூடத்தில் 1897 இல் ஆஸ்பிரின் வந்தது, இதுவும் அதே குடும்பம், தோலுக்குள்ளால் இரத்தத்துக்குப் போகும். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் குளிசை எடுக்கிற ஆட்கள் இதை அள்ளிப் பூசினால் இரத்தம் உறைவது இன்னும் குறைந்து, இரத்தக்கசிவு வர இடமுண்டு. சுத்தமான வின்டர்கிறீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் 20 ஆஸ்பிரின் குளிசைக்கு மேல் சரக்கு இருக்கிறது. இந்தத் தைலத்தில் அது எத்தனை வீதம் என்று லேபலில் ஒரு எழுத்துக்கூட இல்லை, ஐயாவுக்கும் தெரியவில்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் உயரத்தில் வையுங்கள், கற்பூர எண்ணெயும் அப்படித்தான், குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும்.

கராம்பு எண்ணெய் நல்லது. பல் நோவுக்குப் பஞ்சில் தொட்டு வைத்தால் அதில் உள்ள யூஜினோல் அந்த இடத்தை மரக்கச் செய்யும், பல் டொக்டர்மாரும் இதே யூஜினோலை நாக ஒக்சைட்டோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல் அடைக்கிறார்கள். ஈறில் நேராக ஊற்றினால் வெந்துபோகும். பல்லை அது சுகப்படுத்தாது, டொக்டரிடம் போகும்வரைக்கும் தாக்குப்பிடிக்கத்தான்.

மஞ்சள் கப்சூலுக்கு வந்தால், விலையைப் பார்த்தே எனக்குச் சிரிப்பு. மஞ்சளுக்கு நிறம் கொடுக்கிற சத்தான குர்க்குமின் அதில் கிட்டத்தட்ட 3 வீதம்தான், அதையும் உடம்பு லேசில் உறிஞ்சாது. மிளகின் பைபரின் சேர்த்தால் இரத்தத்தில் 20 மடங்கு கூடுகிறது என்று 1998 இல் பெங்களூரில் செய்த சோதனையை வைத்துத்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. கூடுவது உண்மைதான், ஆனால் அதே மிளகுச் சத்து நீங்கள் எடுக்கிற மற்றக் குளிசைகளின் அளவையும் கூட்டிவிடலாம், செறிவான மஞ்சள் கப்சூலால் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றியும் வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். கறிக்குப் போடுகிற மஞ்சளுக்கு இந்தப் பயம் தேவையில்லை.

பொட்டலம்தான் எனக்குக் கோபம் வந்த இடம். பழைய கொப்பித்தாளில் சுற்றின தூள், பெயர் இல்லை, திகதி இல்லை, யார் செய்தது என்று கேட்டால் "தெரிஞ்ச ஆள்" என்கிறார். போட்டு ஒரு மணித்தியாலத்தில் மூட்டு இளகிவிடும் என்று மகன் வேறு பெருமையாகச் சொன்னார். மூலிகைத் தூள் அவ்வளவு கெதியாக வேலை செய்தால் நான் பயப்படுவேன். மூலிகை மருந்து என்று விற்ற தூள்களில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்ரீரொயிட்டும் டைக்குளோபினாக் என்ற நோ மருந்தும் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இந்தப் பொட்டலத்தில் கலந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எழுதித் தராத தூளை அம்மாவின் வாய்க்குள் போட மாட்டேன், அவ்வளவுதான். ஏற்கெனவே எடுக்கிற ஆட்கள் முகம் உப்புதா, சீனி வருத்தம் கூடுதா என்று பாருங்கள். நெடுநாள் எடுத்தவர்கள் ஒரேயடியாக நிறுத்தாமல் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள், ஸ்ரீரொயிட் இருந்தால் திடீரென்று விடுவதும் ஆபத்து. உள்ளுக்கு எடுக்கிற சித்த மருந்துதான் வேண்டுமென்றால் கைதடி சித்த போதனா வைத்தியசாலைக்குப் போங்கள், படித்த வைத்தியர் பார்த்து எழுதித் தருவார்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், எண்ணெய்க்கு மட்டும் என்றால் நாலரை. ஐயா பொட்டலத்தை நிறுத்தினால் மிச்சத்தையும் சந்தோசமாகக் கூட்டுவேன். எண்ணெய் பட்ட படுக்கை விரிப்பு திரும்ப வெள்ளையாகாது, பழையதை விரியுங்கள். காட் எடுக்க மாட்டார்கள், ஞாயிறு பூட்டு, வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் 50 ரூபா கழிப்பார்கள், ஆனால் நீங்கள் கேட்டால் மட்டும்.