ஆர்க்டிக் மங்கீஸ்: 2006 ஆல்பமா, 2013 ஆல்பமா?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர ராக் குழுவான ஆர்க்டிக் மங்கீஸின் பாட்டை மேடையில் வாசிக்க நினைக்கும் புதுக் குழுவுக்கு முதலில் வரும் குழப்பம் இது.

2006 ஜனவரியில் வந்த முதல் ஆல்பம் பிரிட்டனில் முதல் வாரமே 3.6 லட்சத்துக்கு மேல் விற்றது. சிறந்த ஆல்பத்துக்கான அந்த ஆண்டின் மெர்குரி பரிசும் அதற்குத்தான். இரண்டு கிட்டார், பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். கிட்டார் ஒலியை மாற்றும் எஃபெக்ட் பெட்டிகளுக்குப் பெரிய செலவில்லை. வேகம்தான் வில்லங்கம். அதிலுள்ள 'ஐ பெட் யூ லுக் குட் ஆன் த டான்ஸ்ஃப்ளோர்' பாட்டின் தொடக்கத்தில் முழங்கையை இறுக்கி அடித்தால், பாதியிலேயே கை மரத்துவிடும். மணிக்கட்டை மட்டும் ஆட்டுங்கள். வரிகளும் மூச்சுவிட இடமில்லாமல் நெருங்கி வரும். பாடுபவரே கிட்டாரும் வாசித்தால் திண்டாட்டம்தான்.

2013-இன் 'ஏஎம்' கேட்க எளிது, வாசிக்க ஏமாற்றும். அதன் முதல் பாட்டு 'டூ ஐ வானா நோ?' நிமிடத்துக்கு 85 தட்டு. மெதுவாக இருப்பதாலேயே குழுக்கள் தங்களை அறியாமல் ஓட ஆரம்பிக்கும். டிரம்மர் காதில் தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் இருக்கட்டும். பின்னணியில் கள்ளக்குரலில் (ஃபால்செட்டோ எனும் மெல்லிய உச்சக்குரலில்) பாட ஆளில்லாவிட்டால் பாட்டு மொட்டையாக நிற்கும்.

நான்கு பேரில் ஒருவர்தான் பாடுவார் என்றால், 2006 பக்கம் போங்கள்.