சமையலறை கீட்டோவா, பாக்கெட் கீட்டோவா?

மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பை அதிகம் உண்ணும் கீட்டோ உணவுமுறையைப் பின்பற்றுகிறவர்கள் அதிகம் கவனிக்கும் எண், ஒரு நாளில் உண்ணும் மாவுச்சத்தின் அளவு. பொதுவாக அது 20 முதல் 50 கிராமுக்குள் இருந்தால், கல்லீரல் கொழுப்பை உடைத்து, உடலுக்கு எரிபொருளாகும் கீட்டோன்களை உருவாக்கத் தொடங்குகிறது. இந்த எல்லைக்குள் நிற்க இரண்டு வழிகள் உண்டு. முட்டை, மீன், கோழி, பனீர், தேங்காய், கீரை, நெய் என்று வீட்டில் சமைத்து உண்பது முதல் வழி. ‘கீட்டோ’ என்று அச்சிட்ட ரொட்டி, பிஸ்கட், சாக்லேட் ஆகியவற்றோடு சாசேஜையும் பதப்படுத்திய சீஸையும் வைத்து நாளை ஓட்டுவது இரண்டாவது. கீட்டோன் அளவைக் காட்டும் கருவிக்கு இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. உடலுக்கு நன்றாகவே தெரியும் என்பது என் கருத்து.

1921ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸல் வைல்டர் இந்த உணவுமுறையை வலிப்பு நோய்க்கான சிகிச்சையாகத்தான் முன்வைத்தார். அதன் மரபான வடிவத்தில், புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரு பங்கு என்றால் கொழுப்பு நான்கு பங்கு என எடை போட்டு, மருத்துவக் கண்காணிப்பில் கொடுப்பார்கள். எடைக் குறைப்புக்காக அதை எடுத்துக்கொண்டவர்கள் கிராம் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தக் கிராம்கள் எந்த உணவிலிருந்து வருகின்றன என்ற கேள்வியைக் கைவிட்டுவிட்டார்கள். பாக்கெட் கீட்டோ வளர்ந்தது இந்த இடைவெளியில்தான்.

அதன் முதன்மையான ஆயுதம் ‘நெட் கார்ப்’ எனப்படும் நிகர மாவுச்சத்து. மொத்த மாவுச்சத்திலிருந்து நார்ச்சத்தையும், மால்டிடால், எரித்ரிட்டால் போன்ற இனிப்பூட்டிகளான சர்க்கரை ஆல்கஹால்களையும் கழித்துவிட்டு, மிஞ்சுவதை உறையின் முகப்பில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்கூட இந்தச் சொல்லுக்குச் சட்டபூர்வ வரையறை எதையும் தரவில்லை. ஒரு சாக்லேட் பட்டையில் 18 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, அதில் 14 கிராம் மால்டிடால் என்று வைத்துக்கொள்வோம். முகப்பில் 4 கிராம் என்றுதான் இருக்கும். ஆனால் மால்டிடால் ரத்தச் சர்க்கரையை ஏற்றாத பொருள் இல்லை; ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் குறியீடு அதற்குச் சுமார் 35, சாதாரணச் சர்க்கரையினுடையது சுமார் 65. ஆகவே அந்த 14 கிராமையும் முழுவதுமாகக் கழிப்பது கணக்குப் பிழை. எரித்ரிட்டால் ரத்தச் சர்க்கரையை ஏறக்குறைய தொடுவதே இல்லை. எனினும் ரத்தத்தில் அதன் அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் நேர்ந்ததாக 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. அது தொடர்பைத்தான் காட்டியது, காரணத்தை நிறுவவில்லை. இருந்தாலும் நாள்தோறும் கைப்பிடியாக உண்ண அது துணிவு தரவில்லை.

சமையலறைப் பக்கம் இதே கழித்தல் நேர்மையாக இருக்கிறது. 100 கிராம் தேங்காயில் ஏறத்தாழ 15 கிராம் மாவுச்சத்து, அதில் 9 கிராம் நார்ச்சத்து. பாதாமில் 22 கிராமுக்கு 12 கிராம் நார்ச்சத்து கழிகிறது. முந்திரியிலோ 30 கிராமுக்கு 3 கிராம்தான் கழியும் என்பதால், ‘கொட்டை எல்லாம் கீட்டோதான்’ என்று அதை அள்ளிப் போட்டுக்கொள்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

எண்ணெய் விஷயத்தில் இரு தரப்பிலும் குழப்பம் உண்டு. எம்சிடி (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெய் என்று விலை கூட்டி விற்கப்படுவது பெரும்பாலும் 8, 10 கார்பன் கொண்ட கொழுப்பு அமிலங்கள். அவை கல்லீரலை விரைவாக அடைந்து எளிதில் கீட்டோன்களாகின்றன. தேங்காய் எண்ணெயில் இந்த இரண்டும் சேர்ந்து 15 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், அது உடலில் பெரும்பாலும் நீண்ட சங்கிலிக் கொழுப்பு போலவே நடந்துகொள்கிறது. தேங்காய் எண்ணெயை எம்சிடி என்று எண்ணிக் கரண்டி கரண்டியாகக் குடிப்பதில் பொருளில்லை. சமைக்க அது நல்ல எண்ணெய், அவ்வளவே.

பசியைப் பொறுத்தவரை என் தீர்ப்பு சமையலறைக்குத்தான். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் 2019இல் 20 பேரை வைத்து நடத்திய ஆய்வில், மிகைப் பதப்படுத்திய உணவை உண்ட இரண்டு வாரங்களில் பதப்படுத்தாத உணவை உண்ட இரண்டு வாரங்களைவிட அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். அது கீட்டோ ஆய்வு இல்லைதான்; ஆனால் உறையில் ‘கீட்டோ’ என்று போட்டிருப்பதால் மட்டும் ஒரு பிஸ்கட்டை நிறுத்தி நிதானமாக உண்போம் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. சாசேஜ், பேக்கன் வகைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு: பதப்படுத்திய இறைச்சியை, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிப்பட்ட பொருள்களின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சேர்த்தது.

இதற்காகச் சமையலறை கீட்டோவை மாசற்றது என்று சொல்ல முடியாது. ‘கொழுப்பை எவ்வளவு உண்டாலும் எடை ஏறாது’ என்ற நம்பிக்கை வீட்டுச் சமையலிலும் தோற்கும். அதே ஹால் 2021இல் வெளியிட்ட ஆய்வில், விலங்குணவு சார்ந்த கீட்டோவை உண்டவர்களைவிட, தாவர உணவு சார்ந்த குறைகொழுப்பு முறையில் இருந்தவர்கள் தினமும் 500 கலோரிக்கும் மேல் குறைவாக உண்டார்கள். ஆனால் ரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் கீட்டோவில்தான் தாழ்ந்திருந்தன. நெய்யும் வெண்ணெயும் ஏறஏற ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் கொலஸ்ட்ரால் பலருக்குக் கூடுகிறது, சிலருக்கு மிக அதிகமாகவே கூடுகிறது. நம் ஊரில் இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது: அரிசியை நிறுத்திவிட்டுத் தினைக்கும் கேழ்வரகுக்கும் மாறினால் குறைமாவு உணவாகிவிடும் என்பது. கேழ்வரகு மாவு 100 கிராமில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்துதான். கருப்பட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முதல் வாரத்தில் குறையும் எடையில் பெரும்பகுதி நீர். உடல் சேமித்துவைத்த மாவுச்சத்தான கிளைகோஜன் கரையும்போது அதனோடு ஒட்டிய நீரும் உப்பும் வெளியேறுகின்றன. தலைவலியும் சோர்வும் பெரிதும் அதனால்தான். இதில் இரண்டு வழிகளுக்கும் வேறுபாடில்லை. நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் எந்த வழியிலும் இறங்கக் கூடாது என்பதும் பொது. பின்னதை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே, கீட்டோன்கள் மிகுந்து ரத்தம் அமிலமாகும் ஆபத்தான கீட்டோஅசிடோசிஸ் வரலாம்.

பாக்கெட்டின் ஈர்ப்பு அதிகம் இருப்பது சைவ உணவு உண்பவர்களிடம்தான். இறைச்சி இல்லாத கீட்டோ பனீரிலும் தேங்காயிலுமாகச் சுற்றிச் சலித்துவிடுகிறது. அவர்களுக்குக்கூட, கீட்டோ ரொட்டியைவிடப் பூசணி, வெண்டை, முட்டைகோஸ் ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்த்து மாவுச்சத்தை 50 கிராம் வரை விடுவதையே பரிந்துரைப்பேன். ரயில் பயணத்தில் ஒரு பட்டை வாங்குவதில் குற்றமில்லை. வாங்கும்போது முகப்பு எண்ணை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் மொத்த மாவுச்சத்தையும் இனிப்பூட்டியின் பெயரையும் பார்க்க வேண்டும். மால்டிடால் என்றிருந்தால் திருப்பி வைத்துவிட்டு, அடுத்த நிலையத்தில் வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக்கொள்ளலாம்.