பாதி முகத்துக்கு ஒரு க்ரீம்: ஏழு மாதக் கணக்கு

மே 17ஆம் தேதி டப்பா காலியானது. கழுவித் துடைத்துக் கடைக்கு எடுத்துப் போய், போல்ட், நட்டு நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசில் வைத்தேன். மூடியோடு 232 கிராம். அதற்குள் இருந்த க்ரீம் 50 மில்லி.

வெளியிலிருந்து பார்த்தால் உள்ளங்கை கொள்ளாத டப்பா. ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தால்தான் சங்கதி தெரியும். உள்ளே சின்னதாக இன்னொரு கிண்ணம், சுற்றிலும் விரல் கனத்துக்குக் கண்ணாடி. பால்காரர் படிக்குள் கட்டை விரலை விட்டு அளக்கிற அதே வித்தைதான், கொஞ்சம் நாசூக்காகச் செய்திருக்கிறார்கள்.

எனக்கு 48 வயது. மண்ணடியில் ஒரு இரும்பு சாமான் கடையில் 22 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். வீடு தண்டையார்பேட்டை. வீட்டுக்காரர் ஹார்பருக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். இப்படிப்பட்ட வீட்டுக்குள் அப்படிப்பட்ட க்ரீம் வந்தது மகள் வழியாக. பி.பார்ம் படித்துவிட்டு துபாயில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். தீபாவளிக்கு வந்தவள் நீட்டினாள். விலையைக் கேட்டுக் கேட்டு மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தாள்: நம் காசுக்கு 13,800. “ஸ்டாஃப் டிஸ்கவுன்ட் போகத்தான்மா” என்று வேறு ஆறுதல் சொன்னாள். பிராண்டு பெயர் வேண்டாம். நான் சொல்லப் போகிற குறைகள் இந்த ஒரு டப்பாவோடு முடிகிறவை இல்லை.

முதலில் அந்த மூன்று வாரம். நவம்பர், மழைக்காலம், ராத்திரி கொஞ்சம் குளிர். க்ரீம் வெண்ணெய் மாதிரி இருக்கும், விரலில் எடுத்ததும் இளகும். கூடவே ஒரு குட்டி கரண்டி கொடுத்திருந்தார்கள், கைபட்டு அழுக்காகாமல் எடுக்க. வாசனை ரோஜா மாதிரி ஆரம்பித்து, பீரோவில் பட்டுப்புடவை நடுவே வைத்த சந்தனக்கட்டை மாதிரி முடியும். மாமியார் பக்கத்தில் வந்து மோந்து பார்த்துவிட்டு, “தாழம்பூ போட்டுக்கீறாங்க” என்றார். காலையில் எழுந்து கன்னத்தைத் தொட்டால் மெத்தென்று இருந்தது. கண்ணுக்குக் கீழே சுருங்கின காகிதம் மாதிரி இருக்குமே, அந்த மெல்லிசு கோடுகள் ஒரே வாரத்தில் மங்கின. 13,800 கொஞ்சம் கொஞ்சமாக நியாயமாகிக்கொண்டு வந்தது.

மூன்றாம் வாரம் கெடுத்தது நான்தான். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், கடலை மாவு, அதில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து முகத்துக்கு. இது என் அம்மா காலத்துப் பழக்கம். அன்று ராத்திரி அதன் மேலேயே க்ரீம். மூக்கு ஓரம், வாய் ஓரம் எல்லாம் மிளகாய் தடவினது மாதிரி எரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் தோல் செதில் செதிலாக உரிந்துவிட்டது. தெருமுனை ஸ்கின் டாக்டர் பார்த்ததும் கேட்டது, “எலுமிச்சம்பழம் போட்டீங்களா?” எலுமிச்சையின் அமிலம் தோலின் மேல் அடுக்கைக் கிளறிவிட்டது, அப்புறம் எதைப் பூசினாலும் எரியும், அதிலும் வாசனை சேர்த்த க்ரீம் என்றால் கேட்கவே வேண்டாம் என்றார். டிசம்பர் முழுக்க எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, கிளிசரின் சேர்ந்த வாசனையில்லாத ஒரு மாய்ஸ்சரைசர் மட்டும் எழுதிக் கொடுத்தார். ட்யூப் 180 ரூபாய்.

வம்பு ஆரம்பித்தது அந்த 180 ரூபாயில்தான். டிசம்பர் கடைசியில் கண்ணாடி பார்த்தால் அதே மெத்து. கண்ணுக்குக் கீழே அதே மாதிரி கோடுகள் மங்கியிருந்தன.

மகளிடம் போனில் சொன்னேன். அவள் தொழில்காரி இல்லையா, பாடமே எடுத்துவிட்டாள். தோல் காய்ந்தால் விழுகிற கோடு வேறு, வெயிலில் உள்ளே தோலைத் தாங்கிப் பிடிக்கிற கொலாஜன் என்ற புரதம் சிதைந்து விழுகிற சுருக்கம் வேறு. முதலாவதை ஈரம் பிடித்து வைக்கிற எந்த க்ரீமும் சரி பண்ணும். இரண்டாவதுக்கு உருப்படியாக நிரூபணமான மருந்து வைட்டமின் ஏ வகையில் வருகிற ட்ரெடினாயின். அது 1971 முதலே பருவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. பூசினவர்களுக்குச் சுருக்கமும் குறைகிறதே என்று பார்த்து, 1988இல் ஒரு ஆய்வு வந்தது. 30 பேர், 16 வாரம், ஒரு முன்கையில் மருந்து, மறு முன்கையில் மருந்தில்லாத வெறும் க்ரீம். மருந்து போட்ட கையில்தான் மாற்றம் தெரிந்தது. (ட்ரெடினாயின் டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து, கர்ப்பிணிகள் கிட்டேயே போகக் கூடாது. நான் போடவும் இல்லை.)

“ஒரு கை மருந்து, ஒரு கை சும்மா” என்றதுதான் எனக்குப் பிடித்துக்கொண்டது. டெபிட் ஒரு பக்கம், கிரெடிட் ஒரு பக்கம். ஜனவரியிலிருந்து வலது கன்னத்துக்கு 13,800, இடது கன்னத்துக்கு 180. நெற்றியிலும் நடுவில் குங்குமப் பொட்டுதான் எல்லைக்கல். ஜனவரியில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிப்ரவரி முதல் தினமும். காலையில் இரண்டு பக்கமும் ஒரே சன்ஸ்கிரீன். காலண்டர் தாளில் தினமும் டிக் அடித்தேன். வெள்ளிக்கிழமை கடலை மாவு உண்டு, எலுமிச்சை கிடையாது.

டப்பா வந்த அட்டைப்பெட்டியையும் அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். இதைப் படிக்க ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கிற பொருள்களை அளவு குறைகிற வரிசையில் எழுத வேண்டும். அதற்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். தண்ணீர், கிளிசரின், ஷியா வெண்ணெய், ஸ்குவாலேன், டைமெத்திகோன் என்று போகிறது. அப்புறம் எத்தனையோ பெயர் தாண்டி வாசனைத் திரவியம். அதற்கும் பின்னால்தான் பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் பீற்றிக்கொள்கிற பெப்டைடு என்ற புரதத் துணுக்கு, ரெட்டினைல் பால்மிடேட். இந்த ரெட்டினைல் பால்மிடேட் வைட்டமின் ஏ குடும்பத்தில் சோப்ளாங்கி. தோலுக்குள் போய் ரெட்டினால், ரெட்டினால்டிஹைடு என்று படிப்படியாக மாறி, ரெட்டினாயிக் அமிலமான பிறகுதான் வேலையே. அந்த அமிலத்தைத்தான் ட்ரெடினாயின் என்ற பெயரில் நேரடியாக விற்கிறார்கள். போதாததற்கு வெளிச்சமும் காற்றும் பட்டால் இந்த வகைச் சரக்கு கெட்டுப்போகும். வாயகன்ற கண்ணாடி டப்பாவில் அடைத்து, தினமும் மூடியைத் திறந்து மூடச் சொன்னால் என்ன மிஞ்சும்? கடைசி வரியில் சி.ஐ. 77480 என்று ஒன்று. மகளைக் கேட்டேன். தங்கம். நிறம் கொடுக்கச் சேர்க்கிற தங்கத்துக்கு அந்த எண்ணாம். சௌகார்பேட்டை நகைக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள்.

ஏப்ரல் வந்தது. எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. இந்த க்ரீமைச் செய்தவர்கள் குளிர்ந்து காய்ந்த காற்று அடிக்கிற ஊரை மனதில் வைத்துச் செய்திருப்பார்கள். இங்கே கடல் ஒரு மைலில். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கழுத்தில் பிசுபிசுப்பு, ஃபேன் சூட்டுக் காற்றைக் கிளறிவிட்டுக்கொண்டே இருக்கும். ஷியா வெண்ணெய் வேர்வையோடு சேர்ந்து வழிந்து கண்ணுக்குள் போனது. தலையணை உறையில் வலது பக்கம் மட்டும் நெய் கொட்டினது மாதிரி வட்டம். கரெண்ட் போன ஒரு ராத்திரி எழுந்து வலது பாதியை மட்டும் கழுவிவிட்டுப் படுத்தேன். பாதி முகம் கழுவுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். மே முதல் வாரம் வலது நெற்றியில் மணல் மாதிரி சின்னச் சின்னப் பொரி. இடது பக்கத்தில் வழக்கமான வேர்க்குருவோடு சரி.

டப்பா தீர்ந்ததும் ஐந்து பேரிடம் முகத்தைக் காட்டி, “எந்தப் பக்கம் நல்லா இருக்கு?” என்று கேட்டேன். மகள் வீடியோ காலில் வலது என்றாள், பணம் போட்டவள். மாமியாரும் வலதுதான், ஆனால் மூக்கைக் கிட்டே கொண்டுவந்து மோந்துவிட்டுச் சொன்னார், அந்த ஓட்டு செல்லாது. கடையில் பேக்கிங் பார்க்கிற பெண், “லெஃப்ட்டுக்கா, ரைட்ல என்னவோ பொரிப்பொரியா இருக்கு” என்றாள். வீட்டுக்காரர் யோசிக்காமல் இடதைக் காட்டினார். ஐந்தாவது, காசிமேட்டில் எனக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கிற ஆயா. தடைக்காலம், விசைப்படகு போகாது, ஃபைபர் படகு மீன்தான், விலையும் அநியாயம், அந்தக் கடுப்பில் இருந்தார். ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னது: “ரெண்டு பக்கமும் உன் மூஞ்சிதான மே. சங்கரா வோணுமா வாணாவா?”

என் கணக்கில் வந்ததையும் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் வலது கண்ணுக்குக் கீழே இடதைவிட ஒரு துளி மினுமினுப்பு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். மண்ணடி ஸ்டேஷனில் இறங்குவதற்குள் அது போய்விடும். மூக்கிலிருந்து வாய்க்கு இறங்குகிற மடிப்பு இரண்டு பக்கமும் போட்டது போட்டபடி. ஆனால் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பத்து வருஷமாகக் கன்னத்தில் குடியிருக்கிற மங்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளுத்திருந்தது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நான் போட்டது சன்ஸ்கிரீன் ஒன்றுதான். டாக்டர் லேசாக நிறம் கலந்த வகையாக எழுதிக் கொடுத்திருந்தார். அதில் இரும்பு ஆக்சைடு இருக்கும், மங்கைக் கிளப்புகிற சாதாரண வெளிச்சத்தையும் அதுதான் கொஞ்சம் தடுக்கும் என்றார். இரும்புக் கடைக்காரிக்கு முகத்துக்கும் இரும்புதான் வாய்த்தது.

ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்குக் கீழே 903 பேரை நாலரை வருஷம் பின்தொடர்ந்து, 2013இல் முடிவு வெளியிட்டார்களாம். தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களுக்கு, இஷ்டத்துக்குப் போட்டவர்களைவிடத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. அவர்கள் வெள்ளைத் தோல்காரர்கள், நம் தோலுக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது என்று மகளே சொல்லிவிட்டாள். எனக்கு அதை நம்ப ஆஸ்திரேலியா வரை போக வேண்டியதில்லை. எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர் இருக்கிறாரே.

எங்கள் வீட்டுக்காரரின் வலது கன்னம் ஒரு நிறம், இடது கன்னம் ஒரு நிறம். வலது கண் ஓரத்தில் கோடுகள் ஆழமாக, நெருக்கமாக ஓடும்; காது பக்கம் தோல் தடித்து, எலுமிச்சை ஊறுகாய்த் தோல் மாதிரி. இடது பக்கம் பத்து வயது சின்னவர். முப்பது வருஷம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், ஹார்பர் கேட்டில் மணிக்கணக்காக வரிசையில், ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு வலது கையை வெளியே போட்டபடி நின்ற முகம் அது. வேலையில் படுகிற அலைச்சல், வயசு, சிகரெட் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். 2012இல் ஒரு பெரிய அமெரிக்க மருத்துவ இதழில் வந்த படத்தை மகள் அனுப்பினாள். 69 வயது டெலிவரி டிரக் டிரைவர், 28 வருஷம் ஓட்டியவர். முகத்தின் இடது பாதி மட்டும் தொங்கிச் சுருங்கிக் கிடக்கிறது. அந்த ஊரில் டிரைவர் சீட்டு இடது பக்கம். ஜன்னல் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தாலும் யூ.வி. கதிரில் ஏ வகை ஊடுருவி வருமாம். படத்தை அவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “நம்ப ஊருக்கு இவரத் திருப்பிப் போட்டா நான்” என்றார்.

ஆக என் பேரேடு இது: க்ரீம் 141 ராத்திரி, ராத்திரிக்கு 98 ரூபாய், அதில் 120 ராத்திரி பாதி முகத்துக்கு மட்டும். சன்ஸ்கிரீன் 50 கிராம் ட்யூப் 450 ரூபாய், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கினால் ஐம்பது நாள் சுமாராக வரும், நாளைக்கு 9 ரூபாய். மறுபடி அந்த க்ரீம் வாங்குவேனா? மாட்டேன். யாராவது கொடுத்தால்? மார்கழி, தை இரண்டு மாதமும் போட்டுக்கொள்வேன், அந்த வாசனைக்காகவும் அந்தக் குட்டி கரண்டிக்காகவும். ஏசி ரூமில் படுக்கிறவர்களுக்குத் தலையணை தப்பிக்கும். மற்றபடி 180 ரூபாய் ட்யூப் அதே ஈரத்தைத் தரும். காலி டப்பாவில் மாமியார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு போட்டு வைத்திருக்கிறார். கனமாக இருப்பதால் சாய்வதே இல்லையாம்.

வீட்டுக்காரருக்கும் ஒரு சன்ஸ்கிரீன் வாங்கிக் கொடுத்தேன். முதல் வாரம் தொடவில்லை, கிளீனர் பையன் சிரிப்பானாம். இப்போது போடுகிறார், காலையில் வண்டி எடுக்கும் முன். ஆனால் ட்யூப் தீருகிற மாதிரியே தெரியவில்லை. சந்தேகப்பட்டு ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். வலது கன்னம், வலது காது, வலது முழங்கை வரை. முடிந்தது, மூடியைப் போட்டுவிட்டார்.

“அந்தப் பக்கம்?” என்றேன்.

“லெஃப்ட்டாண்ட வெயிலே அடிக்கல. அதுக்கு இன்னாத்துக்கு மே வேஸ்ட் பண்ணிக்கினு.”